டயரில் இருக்கும் எண்ணை விடுங்கள், கதவில் இருப்பதைப் பாருங்கள்

தம்பி, கனடாவின் கால்கரிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பழைய எஸ்யூவி வாங்கியிருக்கிறேன், டயரில் 51 பிஎஸ்ஐ என்று இருக்கிறது, கதவில் 35 என்று ஒட்டியிருக்கிறது, காலையில் டயரில் காற்று குறைவு என்று காட்டும் மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். வாடகை, இன்ஷூரன்ஸ், மளிகைக் கடை பற்றியெல்லாம் பத்துப் பேர் சொல்வார்கள். நான் டயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

35தான். கேபிஏ (கிலோபாஸ்கல்) கணக்கில் 240. டயரில் இருக்கும் 51 அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அது எந்த வண்டியில் மாட்டப்படும் என்று டயர் செய்தவருக்குத் தெரியாது. உங்கள் வண்டியின் எடைக்கு ஏற்ற அளவைத்தான் கதவருகே ஒட்டியிருக்கிறார்கள். 51 அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையில் பட்டு, ஐஸில் பிடிப்பு போய்விடும்.

அந்த 35, வண்டி மூன்று மணி நேரமாவது நின்று ஆறிய டயருக்கான அளவு. வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி கராஜில் 35 அடித்துவிட்டு, மைனஸ் 20இல் இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் 28தான் இருக்கும். அதனால் காலையில் வெளியிலேயே அளந்து, வெளியிலேயே அடியுங்கள். மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்றான சினூக் வீசும் நாளில் வெப்பம் திடீரென்று 20 டிகிரி ஏறும், அளவும் கூடும். பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள், இரண்டு நாளில் மறுபடி குளிர் வந்துவிடும். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

மஞ்சள் விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்க விதிப்படி, காற்று கால் பங்கு குறைந்தால்தான் அது எரிந்தாக வேண்டும். உங்கள் கணக்கில் 26. 2000 வரையிலான சில ஆண்டுகளில் அங்கே ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து வண்டிகள் கவிழ்ந்தன. அதன் பிறகு போட்ட சட்டத்தால்தான் இந்த விளக்கே அங்கே கட்டாயமானது.

நம் ஆட்களிடம் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. பத்து வருடம் இங்கே இருந்தவர்கள்கூடப் புதிதாக வருபவரிடம், "பனியில் காற்றைக் குறைத்து ஓட்டு, பிடிப்பு வரும்" என்கிறார்கள். மணலில் மெதுவாகப் போகிறவனுக்கு அது சரி. 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில்லாத டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறும். நம் மாகாணமான ஆல்பர்ட்டாவில் குளிர்கால டயர் கட்டாயமில்லை என்று சொல்லி அதையும் வாங்கவிட மாட்டார்கள். அக்டோபரில் பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சாலையில் ஏறினால் அங்கே கட்டாயம்.

நான் நாமக்கல்காரன். அப்பா லாரி ஓட்டினார். விடிகாலையில் கிளீனர் இரும்புக் கம்பியால் டயர்களை வரிசையாகத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று சொல்லிவிடுவார். அதைக் கேட்டு வளர்ந்தவன் என்ற தைரியம் எனக்கு. முதல் ஜனவரியில் விளக்கு எரிந்தது. வண்டி விற்றவர் "குளிரில் அப்படித்தான் எரியும்" என்றார். இறங்கி டயரை உதைத்துப் பார்த்தேன், கல்லாக இருந்தது. ரப்பர் குளிரில் இறுகியிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு ஆணி.

வடக்கே ரெட் டீர் நகருக்குப் போகும் வழியில் பின் டயர் கிழிந்தது. மைனஸ் 28. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே. கையுறையோடு நட்டைப் பிடிக்க முடியவில்லை, கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டியது. ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கை இறக்கினால் அதுவும் அமுங்கியது, அதிலும் காற்றில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு பிக்கப் நின்றது. வயதான விவசாயி, ஒரு வார்த்தை பேசவில்லை. சிறிய கம்ப்ரசரை எடுத்து வந்து தன் பேட்டரியில் மாட்டினார். அதன் ரப்பர் குழாய் குளிரில் குச்சி மாதிரி நின்றது. மண்டியிட்டு, ஊதி ஊதி வால்வில் இருந்த ஐஸை எடுத்துவிட்டுக் காற்றடித்தார். பணம் நீட்டினேன், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே ஒரு கம்ப்ரசரும் பேட்டரி இல்லாத அளவுக்கருவியும் வாங்கினேன். இன்றைக்கும் வண்டியில் இருக்கின்றன. நகரின் வடகிழக்குப் பக்கம் இருந்தால் ஞாயிறு காலை வண்டியைக் கொண்டுவாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் பார்த்துவிடலாம்.