அழவைக்கும் கதையில் சிரிப்புக்கு என்ன இடம்?

மாயக்கதையும் அறிவியல் புனைகதையும் எழுதிப் பழகும் நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அனுப்பிய கேள்விகள் இவை. நெடுநாள் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், இந்த வகைக் கதைகளை எழுதுகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் வாசகர்: ஆச்சி, என் கதையில் அரக்கர்கள் மோதும் பெரிய போர் வருகிறது. நடுவில் சிரிப்பு வைத்தால் படிக்கிறவர்கள் எல்லாவற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் தம்பி. கம்பன் அடங்கிய இடம் என்று நாம் கும்பிடும் நாட்டரசன்கோட்டை உங்களுக்குப் பக்கம்தானே. அவருடைய இராமாயணத்தில், தூங்கும் கும்பகருணனை அரக்கர்கள் எழுப்பும் இடத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஆயிரம் குதிரைகளை அவன் மார்பின்மேல் ஓட்டுகிறார்கள். அவனுக்கோ அது தொடையில் தட்டித் தூங்கவைப்பதுபோல இருக்கிறது, இன்னும் நன்றாகத் தூங்குகிறான். ஒருவழியாக எழுந்ததும் அறுநூறு வண்டிச் சோற்றையும் நூறு நூறு குடம் கள்ளையும் உள்ளே தள்ளுகிறான். அதற்குப் பிறகுதான் பசியே கிளம்புகிறது. எந்த வகுப்பில் நடத்தினாலும் பிள்ளைகள் இங்கே சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் அண்ணன் இராவணன் முன்னால் போய் நிற்கிறான். “ஆனதோ வெஞ்சமம்?” என்று கேட்கிறான். போர் வந்தே விட்டதா, சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்கிறான். வகுப்பு அமைதியாகிவிடும். இவ்வளவு நேரம் சோற்று மூட்டையாகத் தெரிந்தவன்தான் அந்த அவையில் நியாயம் தெரிந்த ஆள். சிரித்தபோதே அவன் நமக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான், அதனால்தான் அவன் சாகப் போவது நமக்கு வலிக்கிறது. கம்பன் அவனை முதலிலிருந்தே இறுக்கமான முகத்தோடு கொண்டுவந்திருந்தால் இவ்வளவு வலிக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

தேவகோட்டை வாசகி: செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்களைப் பற்றி எழுதுகிறேன் ஆச்சி. சிரிப்பு தனியாக ஒட்டவைத்தது போல நிற்கிறது.

நகைச்சுவைத் துணுக்கை வெளியிலிருந்து கொண்டுவந்து சொருகியிருப்பீர்கள். உங்கள் உலகத்தின் விதியிலிருந்தே எடுங்கள். பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செய்தி போக, இரண்டும் நெருங்கியிருக்கும்போது சுமார் 3 நிமிடம், மிகத் தள்ளியிருக்கும்போது சுமார் 22 நிமிடம் ஆகும். 20 நிமிடத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். தேவகோட்டை வீட்டில் திண்ணை போன்ற பட்டாலையில் உட்கார்ந்து ஆத்தா “சாப்பிட்டியா?” என்று கேட்கிறாள். பதில் வர 40 நிமிடம். அவளுக்கு ஏது பொறுமை? அதற்குள் நாலு கேள்வி போய்விடும். “உனக்குப் பொண்ணு பாக்கட்டுமா?” என்று கேட்ட நேரத்தில் மகன் திரையில் வந்து “ரெண்டு தட்டு ஆச்சு, வயிறு நெறஞ்சிருச்சு” என்பான். ஊரே சிரிக்கும்.

அப்புறம் ஒரு நாள் அதே கேள்வியை அனுப்பிவிட்டு ஆத்தா கண்ணை மூடிவிடுகிறாள். 20 நிமிடம் கழித்து அவள் குரல் அங்கே போய்ச் சேர்கிறது. அவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறான். அந்தப் பதில் வந்துசேரும்போது பட்டாலையில் கூட்டம் நிற்கிறது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை பாருங்கள், சிரிக்கவைத்த அதே தாமதம்தான்.

பள்ளத்தூர் வாசகர்: சிரிப்புக்கென்றே ஒரு பாத்திரத்தைத் தனியாக வைக்கலாமா?

தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறார். ஆனால் அவர் வெறுமனே சிரிப்புக் காட்டுகிறவர் இல்லை. கதையை நடத்துகிறவரே அவர்தான், ராஜாவையே கேள்வி கேட்பார். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயும் அப்படித்தான். பேச்சு சிரிக்கவைக்கும், ஆனால் யோசிக்கிற வேலையில் பெரும்பங்கு அதனுடையது. வைக்கலாம், கதையில் அந்தப் பாத்திரத்துக்கு வேறு வேலையும் கொடுங்கள்.

புதுவயல் வாசகர்: பேய்க் கதையில் சிரிப்பு வந்தால் பயம் போய்விடாதா?

செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் பேய்கள் ரத்தமும் சதையுமாகக் கூழ் காய்ச்சிப் பங்கு வைக்கும். குருட்டுப் பேய்க்கு ஊற்று, ஊமைப் பேய்க்கு ஊற்று என்று பந்தி நடக்கும். அவர் அங்கே பேய்க்குப் பசியைக் கொடுத்தார், பசி நமக்குத் தெரிந்த விஷயம். சிரிக்கிறோம், பானைக்குள் இருப்பது என்ன என்ற நினைப்பு வந்ததும் குடல் புரள்கிறது.

நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை யோசியுங்கள். இரண்டாங்கட்டில் ஓர் ஆயா பேய், பாட்டிப் பேய்தான், ராத்திரியெல்லாம் வெண்கலப் பானைகளை எண்ணுகிறது. ஒன்று குறைகிறது, எந்தப் பங்காளி எடுத்தான் என்று அதற்குக் கோபம். இது சிரிப்பு. பிறகு பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பர்மாத் தேக்குத் தூண்களைக் கழற்றி விற்க ஆள் வருகிறது. தூணும் போனபின் அந்த ஆயா எங்கே சாய்ந்து உட்காருவாள்? இதை யாராவது எழுதுங்களேன், எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது.

காரைக்குடி கல்லூரி மாணவி: மாய உலகத்து ராஜா நம் ஊர்ப் பேச்சுப் பேசினால் சிரிப்பு வருமா ஆச்சி?

வரும், ஆனால் அந்தச் சிரிப்பு வேண்டாம் கண்ணு. நம் பேச்சே கேலிப்பொருள் என்று ஆகிவிடும். ராஜா தாராளமாக நம் பேச்சுப் பேசட்டும், சிரிப்பு அவர் சொல்லும் விஷயத்திலிருந்து வரட்டும்.

கோட்டையூர் வாசகர்: எந்த இடத்தில் சிரிக்கவைக்கவே கூடாது?

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைத்தார், மருட்கையை நான்காவதாக வைத்தார். மருட்கை என்பது வியப்பு. நம் வகைக் கதைக்கு அதுதான் உயிர். வேற்றுக்கிரகத்துக் கதவு முதன்முதலாகத் திறக்கும்போது யாரும் வேடிக்கை பேசக் கூடாது. வாசகர் வாய்பிளந்து பார்க்கட்டும். கதவைத் தாண்டி பத்தடி நடந்தபின் ஒருவன் “செருப்பைக் கழட்டணுமா?” என்று கேட்கலாம்.

இன்னொன்று சாவு. கும்பகருணனுக்குப் போரில் மூக்குப் போய்விடுகிறது. மூக்கில்லாத அரக்கன் என்றால் எளிதாகச் சிரிப்பு வாங்கிவிடலாம். கம்பன் அவன் வாயாலேயே இராமனிடம் கேட்கவைக்கிறார்: மூக்கில்லாத முகம் என்று முனிவரும் தேவரும் பார்ப்பார்கள், அவர்கள் பார்க்காதபடி என் தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு. குதிரை ஓடியும் எழாமல் தூங்கிய அதே ஆள்தான்.