மறு: வெங்காய ஆய்வு விண்ணப்பம் திரும்பி வந்திட்டுது

தங்கச்சி, சின்ன வெங்காயத்துக்கு யூரியாவைக் குறைக்கிற ஆய்வுக்கு அரச நிதி கேட்க, "விவசாயிக்குப் பலன் தெளிவில்லை" எண்டு திருப்பிவிட்டாங்கள் எண்டீங்கள். ஆய்வு நல்லது, எழுதின விதம்தான் பிழை. "செலவு குறையும்" எண்டு மொட்டையா விடாதேங்கோ. ஒரு பரப்புக் காணிக்கு (எங்கட நில அளவு) எத்தனை கிலோ யூரியா மிச்சம், கையில எவ்வளவு காசு நிக்கும் எண்டு போடுங்கோ. எங்கட யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல்; கூடப் போடுற உரம் நைத்திரேற்றா இறங்கிக் குடிக்கிற கிணத்துக்கே வரும். இதை முதல் பந்தியில வையுங்கோ.

கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகக் காணியோட நிக்காதேங்கோ. அந்த மண்ணும் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ச் செம்மண்ணும் ஒண்டில்லை. ரெண்டு மூண்டு தோட்டக்காரரின்ர காணியிலயும் பாத்தி கட்டுங்கோ.

இன்னொண்டு, என்ர முதல் நிதி உருளைக்கிழங்கு ஆய்வுக்கு. கார்த்திகை, மார்கழி நடுகை முடிஞ்சு தை பிறந்தாப் பிறகுதான் காசு வந்தது. விதைக்கிழங்கு முளைச்சுச் சுருங்கிக் கிடந்தது, ஒரு வருசம் போச்சு. கால அட்டவணையில ஒரு போகம் கூடக் கேளுங்கோ.