வென்டிலேட்டரில் அப்பா: தினமும் டாக்டரிடம் என்ன கேட்பது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது. ஃப்ளூ காய்ச்சலில் தொடங்கி நிமோனியாவாகி, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் 9 நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். முதலில் 100 சதவீத ஆக்சிஜன் போனது, இப்போது 60 என்கிறார்கள். மூன்று நாள் கவிழ்த்துப் படுக்க வைத்தார்களாம். நேற்று முதல் திரும்பவும் காய்ச்சல், சளியில் புதுக் கிருமி, தொண்டையில் ஓட்டை போட வேண்டியிருக்கலாம் என்று கையெழுத்து கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் "வென்டிலேட்டர் போட்டா அவ்வளவுதான், சென்னைக்குக் கொண்டு போ" என்கிறார்கள். அப்பா பிழைப்பாரா, என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அம்மாவுக்கு சர்க்கரை உண்டு, நேற்று சாயங்காலத்திலிருந்து அவருக்கும் காய்ச்சல் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

தம்பி, அப்பாவின் ஃபைலைப் பார்க்காமல் பிழைப்பார், பிழைக்க மாட்டார் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. 100-லிருந்து 60-க்கு ஆக்சிஜனைக் குறைக்க முடிந்திருக்கிறது என்றால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

உள்ளே நடப்பது இதுதான். வைரஸ் காற்றுப்பைகளின் மெல்லிய சுவரைப் புண்ணாக்குகிறது, அந்தச் சுவர் வழியாக நீர் கசிந்து உள்ளே நிறைகிறது. மழையில் நனைந்த பஞ்சு மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், மேல் பக்கம் கொஞ்சம் காற்று இருக்கும், அடிப்பக்கம் தன் கனத்திலேயே நசுங்கிக் கிடக்கும். இதைத்தான் டாக்டர்கள் ஏஆர்டிஎஸ் என்கிறார்கள். மல்லாந்து படுத்தால் நசுங்குவது முதுகுப் பக்கம், அதனால்தான் கவிழ்த்துப் போடுகிறார்கள். மோசமான நிலையில் இருந்தவர்களை நாளுக்கு 16 மணி நேரமாவது கவிழ்த்துப் படுக்க வைத்த ஒரு பிரெஞ்சு ஆய்வு 2013-ல் வந்தது. 28 நாளில் இறந்தவர்கள் ஏறக்குறைய 33 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தார்கள். கவிழ்ந்து படுத்ததில் அப்பாவின் முகம் வீங்கியிருந்தால் பயப்படாதீர்கள், அது வடிந்துவிடும்.

வென்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்தாது. உடம்பு தானாகக் குணமாகும் வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதையும் அளவோடு செய்ய வேண்டும். "மெஷின்ல காத்தைக் கூட்டி வெச்சா என்ன?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். புண்பட்ட நுரையீரலில் காற்றை அதிகமாகத் தள்ளினால் அது இன்னும் கிழியும். சில சமயம் காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி, நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும், உடனே நெஞ்சில் குழாய் போட வேண்டியிருக்கும். உயரத்துக்கேற்ற எடைக்கு கிலோவுக்கு 6 மில்லி, அதாவது 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு ஒரு மூச்சுக்கு சுமார் 370 மில்லி போதும் என்று 2000-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அதைவிட இரண்டு மடங்கு கொடுத்த குழுவில் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், குறைவாகக் கொடுத்த குழுவில் 31.

இனி, "அவ்வளவுதான்" என்ற பேச்சு. 50 நாடுகளின் ஐசியுக்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ஏஆர்டிஎஸ் மிக மோசமாக இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள், நடுத்தரமாக இருந்தவர்களில் 40, லேசாக இருந்தவர்களில் 35. இது சின்ன ஆபத்து இல்லை, நான் மறைக்க மாட்டேன். ஆனால் மிக மோசமான குழுவிலும் பாதிக்கு மேல் பிழைத்தார்கள். அப்புறம், இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆக்சிஜன் போதாமல் மட்டும் இறப்பதில்லை. அடுத்தடுத்து வரும் தொற்று, ரத்த அழுத்தம் சரிவது, சிறுநீரகம் நிற்பது என்று உறுப்புகள் வரிசையாக விழுவதுதான் உயிரை எடுக்கிறது.

அதனால் தினமும் காலையில் "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்காதீர்கள், "அப்படியேதான் இருக்கார்" என்ற பதில்தான் வரும். ரத்த வாயுப் பரிசோதனையில் ஆக்சிஜன் எவ்வளவு, மெஷினில் எத்தனை சதவீதம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். ரத்தத்தில் 90, மெஷினில் 60 சதவீதம் என்றால் 90-ஐ 0.6-ஆல் வகுத்து 150. அது 100-ம் அதற்குக் கீழேயும் மிக மோசம், 200 வரை நடுத்தரம், 300 வரை லேசு. ஒருநாள் எண்ணை வைத்து அழவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம், மூன்று நாளாக எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கூடவே ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடுகிறதா, நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போனது என்றும் கேளுங்கள். நுரையீரல் மட்டும் கெட்டு மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் எங்களுக்கும் நம்பிக்கை அதிகம்.

புதுக் காய்ச்சல்தான் எனக்குக் கவலை தரும் விஷயம். ஃப்ளூ மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிடுவதால் பாக்டீரியா சுலபமாக இறங்கும், டியூப் போட்டு இரண்டு நாள் தாண்டியதும் அந்த ஆபத்து இன்னும் கூடும். கடுமையான ஃப்ளூவில் பூஞ்சைத் தொற்றும் வருவதுண்டு. எந்தக் கிருமி, அது எந்த ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும் என்ற ரிப்போர்ட் வந்துவிட்டதா, பூஞ்சைக்குப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கோவிட்டுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்களே, அப்பாவுக்கு ஏன் இல்லை என்று சண்டை போட வேண்டாம், ஃப்ளூவில் அதன் பலன் அந்த அளவுக்கு உறுதியாகவில்லை.

தொண்டையில் ஓட்டை என்றதும் மனசு பதறும். வாயில் நாள்கணக்கில் கிடக்கும் டியூபைவிட அது அப்பாவுக்கு சௌகரியம், மயக்க மருந்தைக் குறைக்கலாம், குழாயை எடுத்தபின் ஓட்டை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். அவசரமும் இல்லை. சீக்கிரம் போட்டவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று பெரிய ஆய்வில் தெரியவரவில்லை. ஆக்சிஜன் தேவை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள், அப்போது தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

சென்னைக்கு வேண்டாம். புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேர ஆம்புலன்ஸ் பயணத்தில் டியூப் நகர்ந்தால், சிலிண்டர் தீர்ந்தால், வழியில் யார் பார்ப்பது? கவிழ்த்துப் போட்டும், நோட்டில் வகுத்து எழுதும் அந்த எண் 80-க்குக் கீழே இறங்கினால், எக்மோ (உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் மெஷின்) தேவைப்பட்டால், அல்லது டயாலிசிஸ் மாதிரி ஏதாவது அங்கே இல்லையென்றால் அது வேறு கணக்கு, அதை டாக்டரே சொல்வார்.

மயக்கம் தெளியும்போது அப்பா உங்களை அடையாளம் தெரியாமல் பார்க்கலாம், டியூபைப் பிடுங்கப் பார்க்கலாம், கையைக் கட்டியிருப்பார்கள். ஐசியுவில் பலருக்கு இந்தக் குழப்பம் வரும். கையைப் பிடித்து இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள், கண்ணாடி போடுபவர் என்றால் கொண்டு போய்க் கொடுங்கள். வீட்டுக்கு வந்தபின்னும் மாதக்கணக்கில் சோர்வு இருக்கும். ஏஆர்டிஎஸ்ஸிலிருந்து பிழைத்தவர்களைக் கனடாவில் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். நுரையீரல் ஓரளவு சீக்கிரம் தேறிவிட்டது, தசைதான் கரைந்து போயிருந்தது. அதனால் பிசியோதெரபியை விடவே கூடாது.

அம்மாவை இன்றைக்கே காட்டுங்கள், தம்பி. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும், அவருக்கு நேற்று சாயங்காலமே தொடங்கிவிட்டது. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், வீட்டில் ஒருவர் ஃப்ளூவோடு வென்டிலேட்டரில் இருக்கிறார், இவருக்கு சர்க்கரை உண்டு என்று முதலிலேயே சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் 94-க்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.