சி.ஆர்.பி. கூடினால் புற்றுநோயா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். 57 வயதான அப்பாவுக்கு முழு உடல் பரிசோதனையில், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. தீராத அழற்சி செல்களை முதுமையாக்கிப் புற்றுநோயில் கொண்டுவிடும் என்கிறது அறிக்கையோடு வந்த துண்டுப் பிரசுரம். மஞ்சள் கேப்ஸ்யூல் கொடுக்கலாமா? அவருக்கு இருபது வருடமாகப் பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உண்டு. இப்போது ரசம் சாதம் சாப்பிட்டாலே வாய் எரிகிறது என்கிறார்.

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் அந்த 6-ஐ விட எனக்குக் கவலை தருகிறது.

சி.ஆர்.பி. என்பது இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சித் தூதுப்பொருள் தூண்டுவதால் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். சளி, ஈறு வீக்கம், தொப்பை என எதனாலும் அது கூடும். அழற்சி எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. புற்றுநோயைக் கண்டறியும் சோதனையும் அதுவல்ல. சளி, காய்ச்சல் இல்லாத சமயத்தில், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

பிரசுரம் சொன்னது பொய்யல்ல. நடுவில் நடப்பதை விட்டுவிட்டது. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கன்னத்தில் ஒரே இடத்தில் அடங்கிக் கிடக்கும்போது அங்குள்ள சவ்வு ஓயாமல் புண்படுகிறது. காவலுக்கு வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் நம் செல்களின் டி.என்.ஏ.வையும் சிதைக்கின்றன, புண்ணை ஆற்றுவதற்காகச் செல்கள் பிரியப் பிரிய, குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர் என்னும் காப்புப் பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது. அது மிகவும் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்கள் ஏறத்தாழ 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடுவதை உயிரியலாளர் லெனார்ட் ஹேஃப்லிக் 1961-இலேயே காட்டினார். டி.என்.ஏ. சேதம் மிகுந்தாலும் பி53, பி16 போன்ற புரதங்கள் பிரிவை நிறுத்திவிடும். அதுவரை நல்லதுதான். ஆனால் அப்படி நின்ற செல், அதாவது பிரசுரம் சொல்லும் முதுமையடைந்த செல், பெரும்பாலும் உடனே சாவதில்லை, என்.எஃப்.-கப்பா-பி என்னும் அழற்சியைத் தூண்டும் விசை அதற்குள் முடுக்கப்பட்டே இருப்பதால் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 முதலியவற்றை அக்கம்பக்கத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். அவை மேலும் வெள்ளணுக்களை வரவழைப்பதோடு, பக்கத்துச் செல்லைப் பெருகவும் தூண்டும். அந்தச் செல் ஏற்கெனவே பி53-ஐ இழந்திருந்தால், அதைத் தடுக்க ஆளில்லை.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத்தில் அதே விசையை அடக்குவது உண்மை. ஆனால் குடல் குர்குமினை மிகச் சொற்பமாகவே உறிஞ்சும். வீரியம் கூட்டிய கேப்ஸ்யூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. ரசத்தில் போடும் மஞ்சளே போதும். 'ஆன்டி-ஆக்சிடன்ட்' (ஆக்சிஜனேற்றத் தடுப்பு) மாத்திரை என்றால் கெடுதல் இராது என்றும் நினைக்க வேண்டாம்: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அந்த வகையைச் சேர்ந்த பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது, முடிவு 1994-இல் வெளியானது.

பாக்கு மெல்பவருக்குக் காரம் பட்டு வாய் எரிவது, கன்னத்தின் உள்ளே நார்த்திசு பெருகி விறைக்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. அப்பாவைத் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்வரிசைப் பற்களுக்கும் கீழ்வரிசைப் பற்களுக்கும் நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டாலும், வெள்ளையோ சிவப்போ திட்டு தெரிந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும், அந்த எரிச்சலுக்காகவே இந்த வாரம் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பாக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். போகும்போது அவர் வாங்கும் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன மெல்கிறார், எவ்வளவு நேரம் அடக்கி வைக்கிறார் என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.