டாப் ஸ்டேஷனில் ஓடியது எந்த ரயில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறேன். மூணாறு சவாரியில் டாப் ஸ்டேஷனில் நிறுத்தினால், "மலை உச்சியில் ஏது ஸ்டேஷன்?" என்று பயணிகள் கேட்கிறார்கள். அங்கே கடை போட்டிருக்கும் ஒருவர் மாடு இழுத்த ரயில் என்கிறார். இன்னொருவர் குன்னூர் ரயில் மாதிரி பல்சக்கரம் வைத்தது, கொடைக்கானல் வரை வந்தது என்கிறார். எது சரி? வெள்ளத்தில் போன பாதையை ஏன் திரும்பப் போடவில்லை?

ஒரு வாசகர், கொடைக்கானல்

அன்புள்ள நண்பருக்கு,

மாடு இழுத்ததும் உண்மை, பின்னால் நீராவி எஞ்சின் இழுத்ததும் உண்மை. பல்சக்கரம் மட்டும் கற்பனை. கொடைக்கானல் பக்கம் அந்தத் தண்டவாளம் வரவே இல்லை. மூணாறில் கிளம்பி மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷனில் முடிந்துவிட்டது. கண்ணன் தேவன் மலைத் தேயிலையை மலை விளிம்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் வேலை. குன்னூர் ரயில் கல்லாறுக்கு மேல் 12 அடிக்கு 1 அடி ஏறுவதால் அதற்குப் பல் தேவை. மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் சாலைவழி சுமார் 32 கிலோமீட்டர், உயர வித்தியாசமோ சில நூறு மீட்டர்தான்.

1902இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம், யூயிங் முறை. வண்டிக்கு அடியில் இருபுறமும் விளிம்பு வைத்த சிறு சக்கரங்கள் அந்த ஒரே தண்டவாளத்தில் உருளும். பக்கவாட்டில் நீட்டிய கையின் நுனியில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை இதே முறை இருந்தது. அங்கே தண்டவாளச் சக்கரத்தின் விட்டம் 8 அங்குலம், சாலைச் சக்கரத்தின் விட்டம் 39 அங்குலம். பாரத்தில் 96 சதவீதம் தண்டவாளத்தின் மேல், 4 சதவீதம் மட்டும் சாலையின் மேல்.

அந்த 4 சதவீதத்தில்தான் எல்லாச் சிக்கலும். சாலைச் சக்கரம் 5 அடி தள்ளி இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். மொத்தப் பாரத்தின் மையம் தண்டவாளத்திலிருந்து சக்கரப் பக்கமாக வெறும் 2.4 அங்குலம் விலகியிருக்க வேண்டும். ஒரு டன் சுமையில் 50 கிலோ தேயிலைப் பெட்டி ஒன்றை, சக்கரப் பக்கம் 2 அடியில் இருந்ததை எதிர்ப்பக்கம் 2 அடிக்கு மாற்றி வைத்தால் போதும், சக்கரம் அந்தரத்தில் நிற்கும், வண்டி எதிர்ப்பக்கம் சாயும். அதற்குப் பயந்து சக்கரப் பக்கமே கூடுதலாக ஏற்றினாலும் வம்புதான்: மழையில் ஊறிய சாலையில் சக்கரம் புதையும், மாடு திணறும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சமதளத்தில் ஒரு டன்னை உருட்ட தண்டவாளத்தில் 5 கிலோ இழுவை போதும்; மண்சாலையில் சுமாராக 40 கிலோ. எட்டு மடங்கு லாபம். ஆனால் 40 அடிக்கு 1 அடி ஏற்றம் வந்தால் இரண்டுக்கும் 25 கிலோ கூடும். தண்டவாளத்தில் 30, மண்சாலையில் 65 என்று ஆகிவிடும், லாபம் இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். மலையில் மாட்டை நம்பித் தண்டவாளம் போடுவது அரைகுறை லாபம்தான்.

1908இல் 2 அடி இடைவெளியில் இரண்டு தண்டவாளம் கொண்ட வழக்கமான ரயில் பாதையாக மாற்றி எஞ்சின் விட்டார்கள். பெட்டியை எந்தப் பக்கம் அடுக்கினாலும் கவலையில்லை. அகலம் குறைவாக இருந்ததால் மலைமடிப்புகளில் நெருக்கமான வளைவும் போட முடிந்தது.

டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே மலையடிவாரத்தில் உள்ள கொட்டகுடிக்கு சுமார் 5 கிலோமீட்டர் ரோப்வே, அதாவது கம்பிவடத்தில் சரக்கைத் தொங்கவிட்டு அனுப்பும் பாதை. இறங்கும் தேயிலையின் எடையே ஏறும் சரக்கை இழுக்க உதவும் என்பது இந்த மாதிரி அமைப்பின் வசதி. ஆனால் பிரேக் சரியில்லை என்றால் வடம் கட்டுக்கு அடங்காமல் ஓடும். கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி. மதுரை–போடி ரயில் வந்ததே 1928இல்தான், அதற்குள் மேலே ரயில் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது.

1924 ஜூலை வெள்ளம், மலையாளிகள் தங்கள் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்துச் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம், பாதையையும் பாலங்களையும் பெயர்த்துக்கொண்டு போனது. திரும்பப் போடாததற்கு வெள்ளத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மூணாறில் ஏற்றிய பெட்டியை டாப் ஸ்டேஷனில் ரோப்வேக்கு, கொட்டகுடியில் வண்டிக்கு என்று கைமாற்ற வேண்டும். ஒவ்வொரு கைமாற்றுக்கும் கூலி, மழை நனைவு, உடைசல். ஒரே மூச்சில் இறங்கும் லாரி வந்துகொண்டிருந்த காலத்தில், அவ்வளவு பாலத்தையும் மறுபடி கட்ட எந்தக் கம்பெனி பணம் போடும்? 1935இல் நேரியமங்கலம் பாலம் திறந்ததும் கொச்சிப் பக்கம் நல்ல சாலையும் கிடைத்தது.

பயணிகளுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமென்றால் மூணாறுக்குள்ளேயே இருக்கிறது. அலுமினியம் பாலம் என்கிறார்களே, அது பழைய ரயில் பாலம். டாடா கம்பெனியின் வட்டார அலுவலகம் இருந்த கட்டடம் அன்றைய ஸ்டேஷன். நல்லதண்ணி எஸ்டேட் தேயிலை அருங்காட்சியகத்தில் ஒரு சக்கரம் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் சக்கரம் என்பதால் அது 1908க்குப் பிந்தையது, மாடு இழுத்த வண்டியுடையது அல்ல.