பீப் அடித்தால் ஒயர் நல்லது என்று அர்த்தமில்லை

புது பேட்டரி போட்டும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, மெக்கானிக் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது) மாற்றச் சொல்கிறார், ஆனால் அதிலிருந்து பேட்டரிக்கு வரும் சார்ஜிங் ஒயரில் மல்டிமீட்டர் வைத்தால் பீப் அடிக்கிறதே, அப்புறம் என்ன கோளாறு என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பீப்பை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒயருக்குள் ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் அது அனுப்பிப் பார்ப்பது மில்லிஆம்பியர் கணக்கில். ஓடும்போது அந்த ஒயர் சுமக்க வேண்டியதோ 40, 50 ஆம்பியர். ஓம்ஸில் வைத்தும் பிடிக்க முடியாது. 0.035 ஓம் தடை இருந்தாலே 40 ஆம்பியரில் 1.4 வோல்ட் போய்விடும், சாதாரண மீட்டரின் சொந்த ஒயர்களே அதைவிட அதிகம் காட்டும்.

அதனால் வண்டியை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள் (சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் இருந்தால் முதலில் மாற்றுங்கள், அப்படியே பேட்டரியில் வைத்தால் ஷார்ட்தான்). இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட், ஏசி ப்ளோயர் எல்லாம் போட்டு, ஒருவரை ஆக்சிலேட்டரை 2000 ஆர்பிஎம் அளவில் பிடிக்கச் சொல்லுங்கள். சிவப்பு முனை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ஒயர் வரும் பி பிளஸ் போல்ட்டில், கறுப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலேயே, கிளாம்ப்பில் இல்லை. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரில் குறையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயரோ, நடுவில் இருக்கும் மெயின் ஃபியூஸோ, லக்கோ (ஒயர் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போய்விட்டது. ஃபேன் பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் 1.4 வோல்ட் காட்டியது. ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 12.8. எனக்கும் ஆல்டர்னேட்டர் போச்சு என்றுதான் சொல்லியிருந்தார்கள், பணம் கொடுக்கவும் தயாராகிவிட்டேன். லக்குக்கு மேலே இருந்த ரப்பர் உறையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு, இழைகளில் பாதி பொடியாக உதிர்ந்தது. அந்த அளவிலேயே ஒயர் வாங்கிப் புது லக் அழுத்திப் போட்டதும் 0.1 ஆகிவிட்டது. இந்த வேலையைத் தொடும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், சாவி எடுத்திருந்தாலும் பி பிளஸ்ஸில் எப்போதும் கரண்ட் இருக்கும்.

எர்த் பக்கத்தையும் விடாதீர்கள்: ஆல்டர்னேட்டர் பாடியில் ஒரு முனை, பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை. இங்கும் 0.2-க்குள்தான் இருக்க வேண்டும்.

சரி, இரண்டு பக்கமும் சுத்தம், ஆனால் பி பிளஸ்ஸிலேயே 12.5-தான் வருகிறது என்றால்? அப்போதும் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரியவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டருக்குப் போகும் சின்ன ஒயர் அறுந்திருக்கலாம், பழைய வண்டிகள் பலவற்றில் அந்த ஒயர் இல்லாமல் அது சார்ஜ் செய்யவே தொடங்காது.