தொட்டி ஜெரேனியம் வேறு, ஹெர்ப் ராபர்ட் வேறு

வணக்கம் சகோதரி. ஏற்காட்டு நர்சரியில் வாங்கிய ஜெரேனியமும், ஆங்கில மூலிகைப் புத்தகத்தில் பார்த்த 'ஹெர்ப் ராபர்ட்'டும் ஒன்றுதானா, இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குடிக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு செடி.

உங்கள் தொட்டியில் இருப்பது பெலர்கோனியம். பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. செடிகளுக்கு அறிவியல் பேர் வைத்த லின்னேயஸ் இரண்டையும் ஜெரேனியம் என்ற ஒரே பேரில் சேர்த்திருந்தார். 1789இல் பெலர்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார்கள், ராபர்ட் செடி ஜெரேனியமாகவே இருந்தது. ஆனாலும் தொட்டிச் செடிக்கு நர்சரிக்காரர்கள் வாயில் பழைய பேரே நின்றுவிட்டது. இரண்டிலும் காய் பறவை அலகுபோல நீண்டிருக்கும். அதனால்தான் கிரேக்கத்தில் ஜெரேனியத்துக்குக் கொக்கின் பேர், பெலர்கோனியத்துக்கு நாரையின் பேர். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

ராபர்ட் செடி ஐரோப்பாவில் வேலியோரத்திலும் கல்சுவர் இடுக்கிலும் தானாக முளைப்பது. சிவந்த தண்டு, ஒரே அளவில் ஐந்து இளஞ்சிவப்பு இதழ். இலையைக் கசக்கினால் டயர் எரிந்த நாற்றம் வரும். 'நாற்றம் பிடித்த பாப்' என்றே அங்கே அதற்கு ஒரு பேர் உண்டு.

சந்தேகம் தீரவில்லை என்றால், பூவுக்குச் சற்றுக் கீழே காம்பைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். உள்ளே பூவின் தேன் சேரும் குழாயின் சிறு துளை தெரிந்தால் பெலர்கோனியம்தான். வீட்டில் நாய், பூனை இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள், அவற்றுக்கும் அந்த இலை ஆகாது.